உப்பளக் கரையில் வேலைக் குதிரை

விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த மரக்காணத்தில் கடலோரமாக மணற்பாங்கும் சவுக்குத் தோப்புகளும், அவற்றை அடுத்து உப்பளங்களும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும், அப்பால் கழுவெளி ஏரியைச் சார்ந்த நஞ்சை புஞ்சைகளும் அமைந்துள்ளன. முற்காலத்தில் இவ்விடத்து உப்பு மாட்டு வண்டிகளிலும் தோணிகளிலும் வெளியூர் சென்றது. இக்காலத்தில் லாரிகளில் செல்கிறது. அவ்வேலையைக் குதிரையிடம் ஒப்புவிக்க எண்ணுவது வீண். ஆயினும் லாரி நுழையாத மணல் வழிகளும், டிராக்டருக்குக் கூலி கொடுத்தால் கட்டுபடியாகாத சில்லறைப் பாரங்களும் எல்லாக் கிராமங்களிலும் உண்டு. எருவும், தீவனமும், விதை மூட்டையும், காய்கறிக் கூடையும் இரண்டு மூன்று மைல் செல்ல வேண்டியவை. வேலைக் குதிரைக்கு உரிய இடம் இதுவே.

ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் குடியானவர் தம் கொட்டிலில் குதிரை கட்டுவது அருமையாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியா முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3,40,000 மட்டுமே இருந்தன. இது 2012-ஆம் ஆண்டுத் தொகையில் பாதியைவிடச் சிறிதே மிகுதி.

உப்புக் காற்றும் உவர் நிலமும் குதிரைக்கு ஆகாது என்பது சிலரின் எண்ணம். இதே கரையில் தெற்கே, உப்பளங்களுக்குப் பேர்போன வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையில், யாரும் கட்டித் தீனியிடாத மட்டக்குதிரைகள் உவர்ச் சதுப்பிலும் புல்வெளியிலும் மேய்ந்து, தலைமுறை தலைமுறையாய்ப் பெருகி வாழ்கின்றன. ஆகையால் கரையின் மீது குற்றம் இல்லை. வேலை வாங்கும் குதிரை கெடுவது பெரும்பாலும் வைத்திருப்பவரின் அறியாமையினாலேயே.

எருதையும் குதிரையையும் ஒரே விதமாக நடத்துவதே முதற் பிழை. எருது திமிலின் முன்புறத்தால் நுகத்தைத் தள்ளுகிறது. குதிரையோ மார்பாலும் தோளாலும் இழுக்கிறது. மாட்டு நுகத்தைக் குதிரையின் கழுத்தில் வைத்தால் கழுத்துப் புண்ணாகுமேயன்றிப் பாரம் நகராது. அகன்ற மார்புப்பட்டையோ பஞ்சு வைத்த கழுத்துப்பட்டையோ அவசியம். சேற்றுழவுக்கும் குதிரை ஏற்றதன்று. எருதின் பிளவுபட்ட குளம்பு சேற்றில் விரிந்து, எடுக்கும்போது ஒடுங்கி எளிதில் வெளிவரும். குதிரையின் ஒற்றைக் குளம்போ பதிந்துவிடும். மேட்டு நிலத்திலும் பாதையிலும் நிலைமை மாறுகிறது. எருது ஒரு மணி நேரத்தில் இரண்டு மைல் நடக்குமாயின் குதிரை நான்கு மைல் நடக்கும்.

மரக்காணத்து மிராசுதாரர் சிந்திக்க வேண்டிய வேலை சவுக்குத் தோப்பில் உள்ளது. வெட்டிய கழிகளை மணலிலிருந்து சாலைக்குக் கொண்டுவருவதே அங்கே தொல்லை. கன வண்டியின் சக்கரம் புதைந்துவிடும். ஐரோப்பாவில் ஜெர்மனி, பிரான்சு முதலிய தேசங்களின் காடுகளில், இயந்திரச் சக்கரம் மண்ணை இறுக்கி இளமரங்களை நசுக்குமென்று கருதி, வெட்டுமரம் இழுக்க இன்றும் குதிரைகளை ஏவுகின்றனர். ஒரு குறுக்குக்கட்டை, சங்கிலி, நன்கு பழகிய குதிரை, அதன் குணமறிந்த ஆள் ஆகியவை இருந்தால் அம்முறையை இங்கும் சோதித்துப் பார்க்கலாம். தார்ச்சாலையில் இழுக்கும் பாரத்தில் பாதியைக்கூட மணலில் ஏற்றலாகாது.

இனிப் பராமரிப்பு. வெயிற்காலத்தில் உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் அல்லது அதற்கு மேலும் நன்னீர் வேண்டும். கடலோரக் கிணற்றின் உவர்நீரை அது அரைமனத்துடன் குடிக்கும். நீர் குறைந்தால் மலம் கட்டிச் சூலை வரும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது, இரைப்பையும் சிறிது. ஆதலால் சூலை பல தடவை உயிரையே வாங்கிவிடும். தீனியை ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்து, தொட்டியில் இடவேண்டும். தரையில் இட்டால் புல்லோடு மணலும் உட்சென்று குடலில் தங்கும். மணற்பாங்கான ஊர்களில் இது சாதாரணமாக நேரும் கேடு. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுப்பதுடன், பசும்புல்லோ உலர்புல்லோ தாராளமாய்க் கிடைக்கச் செய்யவேண்டும். வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதால் தினமும் 30 முதல் 60 கிராம் உப்புத் தேவை. உப்புக் குவியலின் அருகே நாள் முழுதும் உழைத்தும் தீனியில் உப்புக் காணாத குதிரைகள் உண்டு!

உப்புச் சேற்றில் நடந்த கால்களையும், வியர்வை உலர்ந்து உப்புப் பூத்த சேணத்தையும் அன்றன்றே நன்னீரால் கழுவவேண்டும்; இல்லையேல் குளம்பு வெடிக்கும், தோல் உராய்ந்து புண்ணாகும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டும். தார்ச்சாலையில் ஓடுவதற்கு லாடம் இன்றியமையாதது. சிறு காயத்திலும் வில்வாத ஜன்னி நுழையுமாதலால் அதற்குரிய தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

கிராம அதிகாரிகள் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. 1965-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இழுவை, பொதி மிருகங்களைப் பற்றிய கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, காற்றடைத்த டயருள்ள இரு சக்கர வண்டியில் குதிரைக்கு 750 கிலோவும், மட்டக்குதிரைக்கு 600 கிலோவும் உச்ச அளவு. மற்ற சக்கரங்களாயின் முறையே 500, 400 கிலோ. நாளில் 9 மணிக்கு மேற்படவும், இடையே ஓய்வின்றி 5 மணிக்கு மேற்படவும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரியைக் கடந்த இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை மிருகத்தைப் பூட்டுவதே குற்றம். மரக்காணத்துச் சித்திரை வெயிலில் இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

குதிரை வாங்குவோர் ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குச் செல்வது வழக்கம். அங்கே அலங்காரத்துக்கு ஆன உயர்ஜாதிக் குதிரைகளே கண்ணைக் கவரும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். வண்டிக்கு வேண்டியவர் நிறத்தையும் சுழியையும் விட்டு, அகன்ற மார்பு, குறுகிய முதுகு, தெளிந்த கண், வெடிப்பற்ற குளம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கெட்டித் தரையில் நடத்தியும் ஓட்டியும் நொண்டுகிறதாவென்று கவனிக்க வேண்டும். மூக்கில் சளியோ புண்ணோ, தோலில் கட்டிகளோ தென்பட்டால் விலை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. அது கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம், மனிதரையும் பற்றும். சந்தேகத்துக்கு இடமான குதிரையைத் தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்து இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.