தடம் பதிக்காப் பயணம்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட கரையோரக் கடலில் சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக அவற்றைப் பகுப்பர். 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் உள்ளடக்கிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு இயக்குகிறது. தீவை நெருங்க நெருங்க நீரின் கருநீலம் வெளிர்ந்து இளம்பச்சையாகும். அவ்விளம்பச்சையின் இடையே தோன்றும் இருண்ட திட்டுகள் வெறும் நிழல்கள் அல்ல. கடற்புல் வெளிகளும் பவளப்பாறைகளுமே அவை. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு அக்கடற்புல்லே உணவு.

பவளப்பாறை உயிரற்ற கல்லன்று. மிகச்சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து தமக்குக் கட்டிக்கொள்ளும் இல்லம் அது. திரண்டு வளரும் பவளங்கள் ஓராண்டில் ஓரிரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆயினும் ஆர்ப்பரித்து வரும் அலை அப்பாறைகளில் மோதி விசை இழந்த பின்னரே தீவை அடைகிறது. தீவின் மணல் நிலைப்பதும், அதற்கப்பால் உள்ள கரையோர ஊர்கள் சீற்றத்தினின்று காக்கப்படுவதும் இதனாலேயே.

இவ்வரணை மனிதரே தகர்த்தனர். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பல்லாண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. தடையின்றிப் பாய்ந்த அலைகள் மணலை அரித்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் கரைந்து வந்த நிலையில், 2015ஆம் ஆண்டு முதல் அதன் கடல்முகத்தில் கான்கிரீட்டாலான செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்தன.

இத்தகைய இடத்திற்குச் செல்வோர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். உரிய இசைவின்றித் தீவில் இறங்கலாகாது. பவளத்தின்மேல் நங்கூரம் வீழ்ந்தால், பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும். கடல் தாழ்ந்த வேளையில் பாறைமேல் நடப்பதும் அத்தகையதே. கரையில் கிடக்கும் வெற்றுச் சங்கையும் எடுத்து வரலாகாது. அது துறவி நண்டுக்கு வீடாகும். கொண்டுசென்ற நெகிழியை மீளக் கொண்டுவருதல் கடமை.

அங்குப் பார்க்க வந்தவருக்கு அது ஒருநாள் காட்சி. கரையில் வாழும் மீனவருக்கோ அது வாழ்வாதாரம். மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் இடம் அழிந்தால், வலை வெறுமையாகத் திரும்பும். ஆகவே, தீவைக் கண்டு மகிழும் உரிமையும் அதனைக் கண்டவாறே விட்டுவரும் கடமையும் பிரிக்க இயலாதவை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரை அடுத்துள்ள நீர்நிலை ஒன்றிற்குச் செல்வோர் பின்பற்றத்தக்க ஐந்து நெறிகளை, காரணங்களுடன் எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.