மாட்டுப் பொங்கல் அன்று பார்த்த மேட்ச்

திருமலை,
ஆரணி வழி.

அன்பு மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. உன் அம்மா போனில் சொன்னாள். நீ கூடத்தில் டிவியில் கிரிக்கெட் பார்க்கிறாயாம், பையன் மாடியில் போனில் ஃபுட்பால் பார்க்கிறானாம், ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லையாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021 மாட்டுப் பொங்கல் அன்று தறிக்கு லீவு. பிரிஸ்பேனில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட், நம்ம நேரத்துக்கு விடிகாலை ஐந்தரைக்கே ஆரம்பம். நானும் என் பையனும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். சின்னப்பம்பட்டி நடராஜன், சென்னை வாஷிங்டன் சுந்தர் ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் டெஸ்ட். நடராஜன் முதலில் வேடைத் தூக்கினார். அடுத்து, சதம் அடித்திருந்த லபுஷேனையும் தூக்கியதும் பையன் என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தான். அத்தனை சந்தோஷம். என் வாய் சும்மா இருந்ததா? "இவரோட அப்பா விசைத்தறியில கூலி வேலை பார்த்தவர். தறிக்காரன் பிள்ளை எங்கே நிக்குது பார். நீயும் இருக்கியே" என்று ஆரம்பித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா டெஸ்டே தோற்காத மைதானம் அது. கடைசி நாள் ரிஷப் பந்த் 89 அடிக்க, இந்தியா 328 ரன் இலக்கை எட்டியபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவன் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறான். அங்கே போட்ட சத்தம் வீடுவரை கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது புத்தி சொல்லக் கூடாது என்பது என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் கோர்வைச் சேலை நெய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுவேன். ரெண்டு பேர் கண்ணும் சேலை மேலேயே இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அங்கேதான் வாயில் வரும். எட்டாவதில் ஃபெயில் ஆனதையும் அப்படித்தான் சொன்னேன். கை நிற்காமல், "சரி, நாடாவைப் போடு" என்றார்.

வருகிற சனிக்கிழமை நீ மாடிக்குப் போ. அவன் பார்ப்பதையே பார். படிப்பு, மார்க், பக்கத்து வீட்டுப் பையன் என்று எந்தப் பேச்சையும் எடுக்காதே. நடுராத்திரி மேட்ச் என்றால் உன் வீட்டுக்காரி திட்டுவாள், அது உங்கள் பாடு.

போன லீவில் உன் பையன் தறிமேடையில் தார்க்குச்சிகளை ஆளாக நிறுத்தி எனக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தான். பாதிதான் ஏறியது. மீதியை அவனிடம் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
மாமா