இறங்க நினைக்காத ஊர்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியம்மா எழுதுவது. வேலூரிலிருந்து மாயவரம் வரும் வழியில் காட்பாடி வண்டி தாமதமாகி, விழுப்புரத்தில் மாற வேண்டிய வண்டி போய்விட, பெண்கள் காத்திருப்பு அறையிலேயே இரவைக் கழித்தாய் என்று உன் அம்மா சொன்னாள். கொட்டுகிற மழையில், நடு ராத்திரியில், கடலூர் பஸ்ஸைத் தேடி ஓடாமல் வெளிச்சமும் ஆட்களும் இருந்த இடத்தில் உட்கார்ந்தாயே, அது நல்ல முடிவு. "ஒண்ணுமே இல்லாத ஊர்ல மாட்டிக்கிட்டேன்" என்று நீ அழுததையும் சொன்னாள். அந்த 'ஒண்ணுமே இல்லாத' என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்தவள். நகராட்சிக் கணக்கும் ஒன்றியக் கணக்கும் பார்க்க, யாரும் சுற்றுலா போகாத ஊர்களில்தான் என் காலம் போயிற்று. விருத்தாசலம், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, அரக்கோணம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கெல்லாம் தங்கியிருக்கிறேன். அதனால் முதலில் இரவைப் பற்றிச் சொல்கிறேன், ஊரைப் பற்றிப் பிறகு.

வண்டி போய்விட்டது என்று தெரிந்ததும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தகவல் சொல். ஐந்து பேருக்குச் சொன்னால் ஐந்து பேரும் மாறி மாறிக் கூப்பிட்டு உன் போன் சார்ஜைத் தீர்த்துவிடுவார்கள். அந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளட்டும். பிறகு நேரே விசாரணைக் கவுன்டருக்குப் போய், அடுத்த வண்டி எது, எந்த நடைமேடை, காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள். பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் அவரவர் ஊகம். 139-க்கு அடித்தாலும் தகவல் கிடைக்கும், ரயிலிலோ நிலையத்திலோ பாதுகாப்பு வேண்டுமென்றாலும் அதே எண்தான். பெண்களுக்கான உதவிக்கு 181 தனியாக இருக்கிறது. இரண்டையும் போனில் பதிந்து வை.

பணத்தையும் விட்டுவிடாதே. முன்பதிவு செய்த வண்டி நீ ஏறும் நிலையத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நீ பயணம் செய்யாத பட்சத்தில் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த வண்டி கிளம்புவதற்கு முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். விண்ணப்பத்தைப் பதிந்திருக்க வேண்டும். உன்னைப் போல் வழியில் வண்டி மாறுகிறவர்களுக்கு இன்னொரு வசதி 2019-இல் வந்தது. இரண்டு வண்டிகளுக்கும் முன்பதிவு செய்திருந்தால் இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துவிடலாம். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது வண்டியை விட்டால், போகாத பகுதியின் கட்டணம் பிடித்தமில்லாமல் திரும்பும். அதற்கும் உடனே டி.டி.ஆர். பதிய வேண்டும். இணைக்கிற வேலை சில நிமிடம்தான், ஆனாலும் பலர் செய்வதில்லை.

அடுத்து, படுக்க இடம். நீ தேர்ந்தெடுத்த காத்திருப்பு அறை நல்ல இடம்தான், டிக்கெட் கையில் இருக்கும்வரை அங்கே உட்கார உனக்கு உரிமை உண்டு. பெரிய சந்திப்புகளில் ஓய்வறைகள் இருக்கும். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி.யோ இருந்தால் பி.என்.ஆர். எண்ணை வைத்துப் பதியலாம். விழுப்புரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று அரசு நடத்தும் தோழி விடுதியும் இருக்கிறது. அடிக்கடி அந்த வழியாக வருகிறவள் நீ, பகலில் ஒருமுறை விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்.

லாட்ஜுக்குப் போவதானால் இருட்டி வெகுநேரம் ஆவதற்குள் போய்விடு. முதலில் அறையைப் பார், பிறகு பணம் கொடு. தாழ்ப்பாளை நீயே போட்டு, இழுத்துப் பார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளையும் விடாதே. ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்து இருந்தால் வேறு அறை கேள். அறையை விடுவது 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்பதைச் சாவி வாங்கும்போதே தெரிந்துகொள். பையில் ஒரு போர்வையும் சின்னப் பூட்டும் எப்போதும் இருக்கட்டும். தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது, அது வெறும் வழக்கம், கெட்ட வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசு அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் நீ கேட்க நேர்கிறது என்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஆனால் அந்தச் சண்டையை இரவு பத்து மணிக்குப் போடாதே. அடுத்த கதவைத் தட்டு. காலையில் புகார் எழுதலாம்.

சாப்பிடாமல் மட்டும் படுக்காதே. குடும்பத்தோடு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து, கல்லிலிருந்து சூடாக இறங்கும் தோசையோ ஆவி பறக்கும் இட்லியோ சாப்பிடு. பாதி பயம் பசியால் வருவது.

இனி ஊர். விழுப்புரத்தில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன், அங்கே எதற்காக இத்தனை தண்டவாளங்கள் என்று யோசித்துப் பார்த்தாயா? சென்னைக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன், கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று நம் ஊருக்கு வரும் மெயின் லைன். ஐந்து திசை. புதுச்சேரிக் கிளை 1879-இல் வந்தது. அப்போது இந்தப் பக்கம் ஆங்கிலேயர் நிலம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் நிலம்.

என் சின்ன வயதில் இதெல்லாம் மீட்டர் கேஜ். சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரைதான் மேலே மின்கம்பி. நாட்டிலேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடிய தடம் அது ஒன்றுதான். சென்னையிலிருந்து வரும் வண்டியின் மின் எஞ்சினை விழுப்புரத்தில் கழற்றிவிட்டு, நிலக்கரி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாட்டுவார்கள். அதற்காக வண்டி வெகுநேரம் நிற்கும். உன் தாத்தா கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்குவார், நாங்கள் ஜன்னல் வழியாக எஞ்சின் பின்னோக்கி வந்து கொக்கி மாட்டுவதைப் பார்க்கக் கழுத்தை நீட்டுவோம். தெற்கே போகிற எல்லோரையும் நிறுத்தி, சாப்பிட வைத்து, எஞ்சின் மாற்றி அனுப்பிய ஊர் அது. இப்போது வண்டிகள் சில நிமிடத்தில் கிளம்பிவிடுகின்றன. நமக்கும் அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது.

பஸ் நிலையத்துக்குப் போனால் பெயர்ப் பலகைகளை வரிசையாகப் படி. செஞ்சி, திருக்கோவிலூர், திண்டிவனம், பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி. எந்தெந்த ஊர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது அந்தப் பலகைகளிலேயே இருக்கிறது. நெல்லும் மணிலா என்கிற நிலக்கடலையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வருகின்றன. நோயாளிகள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள். வட மாவட்டங்களில் ஓடும் அரசு பஸ்களின் கோட்டத் தலைமை அலுவலகமும் இந்த ஊரில்தான். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் விழுப்புரத்து லாட்ஜ்களில்தான் தங்குகிறார்கள், மிஸ் கூவாகம் அழகிப் போட்டியும் இந்த ஊரில் நடக்கிறது. அந்த நாட்களிலும், திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குக் கூட்டம் போகும் பௌர்ணமியிலும் நீ மாட்டிக்கொண்டால் அறை கிடைப்பது கஷ்டம். இதையும் சேர்த்தே நினைவில் வை.

எனக்கு அந்த ஊர் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். லாட்ஜ் வரவேற்பிலும் பஸ் நிலையத் திண்ணையிலும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் திங்கள்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பையில் பட்டா நகல், ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை நின்றுபோன கதையை யாரோ எழுதிக்கொடுத்த மனு. காலையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று முந்தின இரவே வந்துவிட்டார்கள். 1993-க்கு முன் இவர்களெல்லாம் கடலூருக்குப் போயிருக்க வேண்டும், தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர் அதுதான். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கடற்கரைவரை ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு போவது என்றால் என்னவென்று நினைத்துப் பார். மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராக்கியபோது அந்தத் தூரம் குறைந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானதும் இன்னும் குறைந்தது. உனக்கு ஒன்றுமில்லாத ஊர் அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை திரும்ப வரும் ஊர். என்னைக் கேட்டால் ஓர் ஊரின் பெருமையை இதில்தான் பார்க்க வேண்டும். கடற்கரையும் மலையும் இருக்கும் ஊர்களைப் பாராட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

பார்க்கவும் ஒன்றுமில்லை என்று நினைக்காதே. செஞ்சி சாலையில் 20 கி.மீ. அளவில் மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்ததாக அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தமிழ்நாட்டுக் கற்கோயில்களின் கதையை அந்தச் சின்னக் குடைவரையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம்.

இன்னொன்று எண்ணாயிரம். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே ஒரு கல்லூரியின் வரவுசெலவைச் சொல்கிறது. மாணவர் 340 பேர், அதில் இளையவர் 270, மூத்தவர் 70, ஆசிரியர் 14. மாணவருக்குத் தினம் எவ்வளவு நெல், ஆசிரியருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. படித்தது பெரும்பாலும் வேதமும் இலக்கணமும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்குமான கல்லூரி அல்ல அது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பொதுச் சொத்திலிருந்து யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை ஊர் பார்க்கக் கல்லில் வெட்டிய பழக்கம் இருக்கிறதே, ஆயுள் முழுக்கத் தணிக்கைக் குறிப்பு எழுதிய எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. அந்தக் கோயில் சுவருக்கு முன்னால் நின்றபோது, என் வேலைக்கு ஆயிரம் வருஷத்து முன்னோர்கள் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

நேரமில்லாவிட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் பையை மாட்டிக்கொண்டு, வண்டிக்கு இருக்கும் நேரத்தில் பாதியை மட்டும் செலவழித்துக் கடைத்தெருவரை நட. டீக்கடையில் உள்ளூர்ப் பதிப்புப் பத்திரிகையைப் புரட்டு. எந்த ஏரி உடைந்தது, எந்தக் கிராமத்துக்குப் பஸ் வரவில்லை, மணிலா மூட்டை என்ன விலைக்குப் போனது என்று அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வண்டி ஏறினால், ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயல் யாருடையது, எதற்காகத் தண்ணீர் நிற்கிறது என்பது உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

பொங்கல் விடுமுறைக்கு வரும்போது ராத்திரி வண்டி வேண்டாம், காலை வண்டியில் கிளம்பி விழுப்புரத்தில் இறங்கு. நான் மாயவரத்திலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருப்பேன். இருவருமாகச் செஞ்சி பஸ் பிடித்து மண்டகப்பட்டு பார்த்துவிட்டு, மாலை வண்டியில் வீட்டுக்குப் போவோம். தேதியை உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பு. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பி.என்.ஆரையும் இணைத்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா