ரேப்பியர் வாள்வீச்சு பழகத் தொடங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

இத்தாலிய ரேப்பியர் வாளின் நுணுக்கங்களை அக்கால ஆசான்களே விரிவாக எழுதிவைத்தார்கள். காமில்லோ அக்ரிப்பா (1553), சால்வடோர் ஃபாப்ரிஸ், நிக்கோலெட்டோ ஜிகாண்டி (இருவரும் 1606), ரிடோல்ஃபோ கப்போஃபெர்ரோ (1610) ஆகியோரின் நூல்களை வைத்துத்தான் இன்றும் பழகுகிறார்கள். கீழே உள்ளவை வலக்கைக்காரர்களுக்கு.

1. முனை மழுக்கிய பயிற்சி வாள், முகமூடி, கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு இல்லாமல் இன்னொருவர் எதிரில் நிற்கவே கூடாது.

2. கைநிலைகள் நான்கு. உறையிலிருந்து வாளை உருவி உயர்த்தியதும் அமைவது பிரிமா. உள்ளங்கை தரையைப் பார்த்தால் செகோண்டா, இடப்பக்கம் பார்த்தால் டெர்சா, மேலே பார்த்தால் குவார்ட்டா. காத்து நிற்க டெர்சா போதும்.

3. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: குத்துவதற்கு முன் எதிராளியின் வாளை அடக்குங்கள். கைப்பிடியை ஒட்டிய பாதி வலுவானது, அது ஃபோர்ட்டே. நுனிப்பக்கத்துப் பாதி டெபோலே. அவருடைய டெபோலேக்குக் குறுக்கே உங்கள் வாளின் வலுவான பகுதி நின்றுவிட்டால், அவர் நேராகக் குத்த வழி கிடையாது. இதற்கு ஸ்ட்ரிஞ்ஜெரே என்று பெயர். பலத்தைக் காட்டி அழுத்தாதீர்கள். அவர் நுனியை நழுவவிட்டால் உங்கள் வாள் ஒதுங்கி, மார்பு திறந்துவிடும். அடக்காமல் பாய்கிறவர் குத்துவார், கூடவே குத்தும் வாங்குவார். கூர்வாள் ஏந்திய காலத்தில் அது இருவருக்கும் சாவு.

4. தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டே இருங்கள். முன்காலை எடுத்து வைத்தால் எட்டும் தூரம் மிசூரா லார்கா. கால் நகராமல் உடலைச் சாய்த்தாலே எட்டுவது மிசூரா ஸ்ட்ரெட்டா. இரண்டாவதில் சும்மா நிற்பது ஆபத்து.

5. தாக்கும்போது முதலில் கை நீளட்டும், பிறகு உடல், கடைசியில் கால். கால் முந்தினால் நெஞ்சைக் கொண்டுபோய் அவர் நுனியில் வைத்ததாகிவிடும்.

6. தருணத்துக்கு டெம்போ என்று பெயர். எதிராளி கைநிலை மாற்றும்போதோ, காலைத் தூக்கும்போதோ, வாளைச் சுற்றும்போதோ பாயுங்கள். அந்த அசைவு முடியும்வரை அவரால் வேறொன்று செய்ய முடியாது.

7. உங்கள் வாளை அவர் அடக்க வந்தால், நுனியை மட்டும் அவர் வாளுக்கு அடியில் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து குத்துங்கள். இது காவாட்ஸியோனே. மணிக்கட்டும் விரல்களும் அசைந்தால் போதும், தோள் அசையக்கூடாது. அவரே இதைச் செய்தால் நீங்களும் கூடவே சுற்றி, முன்பிருந்த பக்கத்திலேயே அவரை மறியுங்கள்.

8. எதிர்த்தாக்குதலில் தடுப்பும் குத்தும் ஒரே அசைவாகட்டும். இடப்பக்கமாகக் குத்து வந்தால் கையைக் குவார்ட்டாவுக்குத் திருப்புங்கள். உங்கள் ஃபோர்ட்டே அவர் நுனியை ஒதுக்கும் அதே நொடியில் உங்கள் நுனி அவர் மார்பில் இருக்கும். வலப்பக்கமாக வந்தால் செகோண்டா. முதலில் தடுத்து அடுத்துக் குத்துவதும் தவறல்ல, ஆனால் அந்த இடைவெளியில் அவர் தப்பிவிடுவார்.

9. போலிக் குத்து நம்பும்படி இருக்கவேண்டும். முகத்துக்கு நேராக நீட்டுங்கள். தடுக்க வந்தால் சுற்றி மறுபக்கம் குத்துங்கள், தடுக்காவிட்டால் நீட்டியதையே முடித்துவிடுங்கள்.

10. குனிந்து பாய்வது, பின்காலைக் குறுக்கே வைத்து விலகுவது போன்றவை படத்தில் அழகாக இருக்கும். மேற்சொன்னவை கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

11. குத்தியதும் அங்கேயே நிற்காதீர்கள். முதலில் தலையைப் பின்னுக்கு இழுங்கள் என்கிறார் ஜிகாண்டி. உடல் தானாகத் தொடரும், பிறகு கால். வாள்நுனி மட்டும் அதுவரை எதிராளியை நோக்கியே நிற்கட்டும்.