ஈற்றிலிருந்து மூன்றாவது அசை

கேள்வி: 'பயாலஜி', 'ஜியாக்ரஃபி' போன்ற ஆங்கிலச் சொற்களில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்?
– உயர்தர மாணவி, திருகோணமலை

பதில்: ஈற்றிலிருந்து எண்ணுங்கள். 'லஜி', 'க்ரஃபி' இரண்டும் கிரேக்க வழி வந்த விகுதிகள். இவற்றில் முடியும் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையே அழுத்தம் பெறும். பை–ஆ–ல–ஜி, ஜி–ஆ–க்ர–ஃபி: இரண்டிலும் 'ஆ'. உங்கள் துறைமுகத்தின் ஆழத்தை அளந்து வரைபடமாக்கும் துறை ஹை–ட்ரா–க்ர–ஃபி, அழுத்தம் 'ட்ரா'வில். திருகோணமலைக் குடாவின் கடலடிப் பள்ளத்தாக்கை ஆராயும் துறை ஓ–ஷ–னா–க்ர–ஃபி. ஐந்து அசைகள், அழுத்தம் 'னா'வில்.

ஈறு மாறினால் அழுத்தமும் நகரும். 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசைக்குப் போய்விடும்: ஜி–அ–க்ரா–ஃபிக் என்பதில் 'க்ரா'.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளைப் பிரிக்கும், அழுத்தம் பிரிப்பதில்லை. அதனால்தான் நம் காதுக்கு இது புதிது. ஆங்கிலத்திலோ அழுத்தம் பெறாத உயிரொலிகள் மங்கிவிடும். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் தடுமாறுவார். உச்சரிப்பு அகராதிகள் பலவற்றில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே சிறு கோடு இருக்கும். அதைப் பார்த்து, ஒரே ஈறுள்ள சொற்களைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விதி ஒன்றுதான், நிச்சயம் வசப்படும்.