மடுவத்தில் தொடங்குங்கள்

லுணுகலைத் தம்பிக்கு,

தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, வழங்கல் சங்கிலியை ஆராய்ந்து திருத்த ஓர் அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பசறையிலும் மடுல்சீமையிலும் இதே வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கவே பதில் எழுதுகிறேன்.

கொழும்பு ஏலத்தில் தொடங்காதீர்கள். 1883இலிருந்து நடந்துவரும் அந்த ஏலத்தை உங்கள் தொழிற்சாலை மாற்றிவிட முடியாது. கொழுந்து செடியை விட்டு வந்த நேரத்திலிருந்து வாட்டும் தட்டில் விரிக்கும் நேரம் வரை உள்ள சில மணித்தியாலங்கள்தான் உங்கள் கையில் இருப்பவை. பறித்த பிறகும் கொழுந்து சுவாசிக்கிறது. சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறும், கசங்கிய இலை தொழிற்சாலை வாசலுக்கு வருமுன்பே சிவக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்த இயந்திரமும் அதைக் காப்பாற்றாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் தந்த மணம் வருகிறது. வருடத்தில் சில வாரங்களே கிடைக்கும் அந்த மணத்தை லொறிக்காகக் காத்திருந்தே இழப்பது பெரிய அநியாயம்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்புக் கொப்பி வையுங்கள். எந்த மலையில் எத்தனை மணிக்குப் பறித்தார்கள், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எப்போது நிறுத்தார்கள், லொறி எப்போது ஏற்றியது, தட்டில் எப்போது விரித்தார்கள் என்று பாதை பாதையாக எழுதுங்கள். மழை நாட்களை விட்டுவிடாதீர்கள். மடுவத்து நிறைக்கும் தொழிற்சாலை நிறைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதால் அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் கிலோ நியாயமானதுதானா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கொழுந்து தரும் சிறுதோட்டக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று மேலிடத்தில் கேட்பார்கள். தொழிற்சாலைக்கு ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்குப் போக வேண்டும் என்பது நாட்டில் உள்ள முறை. அந்தச் சராசரி எல்லோருக்கும் ஒன்றுதான். யாரோ அமுக்கி அனுப்பிய சாக்கு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கவனமாகப் பறித்தவரின் விலையையும் சேர்த்தே இழுத்து விழுத்துகிறது. சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைக்கும் மத்தியானம் லொறியின் இன்னொரு நடைக்கும் செலவழிக்கக் காசில்லை என்று சொல்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பாதையையும் மறக்காதீர்கள். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எத்தனை உயிர்கள் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்து வழி அடைபட்டால் அன்றைய கொழுந்து எந்தத் தொழிற்சாலைக்குப் போகும் என்று இப்போதே பேசி எழுதி வையுங்கள். அவசரப்பட்டு இரவில் லொறியை ஓட்டச் சொல்லாதீர்கள்.

செடிக்கு முன்னும் சங்கிலி இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, அடுத்த வருடம் 25 கோடி அளவுக்கு இறங்கியது. உரம் எப்போது வரும் என்ற கேள்வியும் உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும்.

எங்கே தாமதம், எந்தத் தராசு சரியில்லை, எந்த வளைவில் லொறி நிற்கிறது என்பதெல்லாம் கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு முன்பே தெரியும். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அறிக்கையை முகாமையாளரின் மேசையில் வைக்குமுன் ஒரு மாலை மடுவத்துக்குப் போய் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்