கட்டளைவரிப் பதிவிறக்கமும் பிழை நாடலும்

மேசைக் கணினியிலே இணையத்தினின்று கோப்புகளைப் பெறும் வழிகள் பல. கட்டளையைக் கரிய திரையில் எழுத்தால் எழுதிப் பெறுதல் அவற்றுள் ஒன்று. இதற்கெனக் குரோவாசியரான ஹர்வோயே நிக்சிச் என்பவர் ஆக்கி 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருளே டபிள்யூகெற். இணைப்பு இடையிடையே அறும் இடங்களிற் பெரிய கோப்புகளைப் பெறுவதற்கு அது மிகவும் ஏற்றது. எனினும், அது பணி செய்யாது நின்றுவிடின், மாணவர் பலர் திரையிற் கண்டதை வாசியாது அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுகின்றனர். பிழையின் காரணத்தை அக்கருவியே கூறுகின்றது. அதனை அறியும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. கட்டளையைச் சோதித்தல்

விண்டோசுடன் வரும் பவர்செல்லில் டபிள்யூகெற் என எழுதினால், அப்பெயராற் சுட்டப்படும் வேறொரு கட்டளையே இயங்கும். ஆகவே, உண்மையான மென்பொருள் நிறுவப்பட்டுள்ளதா என முதலில் அறிதல் வேண்டும். இணைய முகவரியில் 'உம்' எனப் பொருள்படும் ஆங்கிலக் குறி வருமாயின், முகவரி முழுவதையும் மேற்கோட் குறிகளுள் அடைத்தல் வேண்டும். அன்றேல், கணினி அக்குறியோடு கட்டளை முடிந்ததெனக் கொள்ளும்.

2. முடிவெண்ணை வாசித்தல்

பணி முடிந்ததும் டபிள்யூகெற் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். லினக்சில் 'எக்கோ' என்னும் கட்டளையை எழுதி, இடைவெளி விட்டு, டொலர்க் குறியையும் வினாக்குறியையும் சேர்த்து இட்டால் அவ்வெண் தோன்றும். 0 எனின் குறையில்லை. 2 எனின் கட்டளை அமைப்பிற் பிழை. 3 எனின் கோப்பை எழுத இயலவில்லை. வட்டு நிறைந்துள்ளதா எனப் பார்க்க. 4 எனின் இணைப்பிற் கோளாறு. 5 எனின் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படவில்லை. 6 எனின் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 8 எனின் வழங்கியே பிழையென விடையளித்தது. 404 என்பது அத்தகைய விடை. அவ்வாறாயின் கோப்பு அம்முகவரியில் இல்லை; நூறு முறை முயன்றும் பயனில்லை.

3. சான்றிதழும் கடிகாரமும்

ஐந்தாம் எண்ணே பலரையும் மயக்குவது. சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய மேசைக் கணினியினுள் இருக்கும் நாணய வடிவ மின்கலம் ஓய்ந்துவிடின், கடிகாரம் பல்லாண்டு பின்சென்றுவிடும். அப்பொழுது நல்ல சான்றிதழும் காலம் தொடங்காததாய்த் தோன்றும். மூலச் சான்றிதழ்கள் பழையனவாயினும் இவ்விடர் நேரும். லெட்ஸ் என்கிரிப்ற் சான்றிதழ்களுக்கு ஆதாரமாயிருந்த மூலச் சான்றிதழொன்று 2021 செப்ரெம்பர் 30இல் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத கணினிகள் பல அவற்றை ஏற்க மறுத்தன.

இவ்விடத்துச் சிலர், சான்றிதழைச் சோதியாதே என்னும் கட்டளையைச் சேர்த்து வேலையை முடித்துக்கொள்வர். அது காவலனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தலை ஒக்கும். வழியிலே எவரேனும் கோப்பை மாற்றிவிடினும் நாம் அறியோம். கடிகாரத்தைத் திருத்துதலும் கணினியைப் புதுப்பித்தலுமே தக்க பரிகாரம்.

4. தொடர்தலும் சரிபார்த்தலும்

மின்தடையாற் பதிவிறக்கம் பாதியில் நின்றால், இணைகோட்டையும் 'சி' என்னும் சிற்றெழுத்தையும் கட்டளையிற் சேர்த்தல் வேண்டும்; வழங்கி இடங்கொடுப்பின் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால், இடைக்காலத்தில் மூலக்கோப்பு மாறியிருப்பின், இருவேறு கோப்புகளின் துண்டுகள் ஒட்டிக் கெட்டுவிடும். ஆதலின், இறுதியிற் சரிபார்த்தல் இன்றியமையாதது. பல தளங்கள் ஷா-256 என்னும் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளத்தை வெளியிடுகின்றன. நமது கோப்பின் அடையாளம் அதனோடு ஓரெழுத்தும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும்.

கட்டளை, முடிவெண், கடிகாரம், சரிபார்ப்பு என்னும் இவ்வொழுங்கை மாணவர் பின்பற்றுவாராக. காரணம் அறிந்தபின் செய்யும் ஒரு முயற்சி, அறியாது செய்யும் பல முயற்சியினும் விரைவிற் பயன்தரும்.